மடிப்புக்குக் கீழே

மேர்சிக்குக் கடல் சரிவராது. வள்ளத்தில் கால் வைத்தாலே வயிற்றைப் பிரட்டும். குருநகரைத் தாண்டி இருக்கிற அந்தச் சின்னக் கரையில் கடலுக்குப் போகாத வீடு என்று ஒன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அங்கேயே பிறந்து வளர்ந்தும், நாற்பத்துநான்கு வயதுக்குள் அவள் வள்ளத்தில் ஏறியது இரண்டே இரண்டு தரம். இரண்டும் பெருநாளுக்குத் தீவுக்குப் போனது. இரண்டு தரமும் வழிநெடுக வாந்தி. அப்படிப்பட்டவள் வாயைத் திறந்தால்தான் அந்தக் கரையின் பன்னிரண்டு வள்ளமும் தண்ணீரில் இறங்கும். மத்தியானம் ஒரு மணிக்குக் கோயில் ஒலிபெருக்கி கரகரக்கும். ஆண்கள் இஞ்சினைத் தோளில் தூக்கியபடி அப்படியே நிற்பார்கள். "இண்டையான் காலநிலை அறிவித்தல்" என்று மேர்சியின் குரல் வரும். அதைக் கேட்ட பிறகுதான் மற்ற வேலை.

இந்த வேலை அவளைத் தேடி வந்ததற்குக் காரணம் ஒரு 'சி'. தொண்ணூற்றைந்து யுத்த இடப்பெயர்வில் தென்மராட்சிப் பக்கம் ஒரு மாமரத்தின் கீழே படித்து, ஓ.எல். சோதனையில் இங்கிலிசுக்கு அவள் எடுத்த 'சி'. கரையில் வேறு ஒருவரும் அந்தப் பாடத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. தாய் செத்தபோது மேர்சிக்கு இருபது, தம்பி றோய்க்கு எட்டு. அவனைக் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, கடலுக்குப் போகாதே என்று பத்து வருசம் சண்டை பிடித்து, கடைசியில் தோற்றுப்போய் அவனுக்கு வள்ளமும் எடுத்துக் கொடுத்ததில் கல்யாணப் பேச்சு எங்கோ தவறிப் போயிற்று. அதைப் பற்றி அவள் குறைப்பட்டுக்கொண்டதில்லை. யாராவது கேட்டால் மட்டும் கோபம் வரும்.

மீனவர் சங்கக் கந்தோரில் அவளுக்கு ஒரு மேசை, ஒரு கதிரை, பூட்டு உடைந்த ஒரு லாச்சி, கோயில் ஒலிபெருக்கிக்குத் தொடுத்த ஒரு மைக். தினமும் பன்னிரண்டு மணியளவில் சங்கத்துப் போனுக்குக் காலநிலை அறிவித்தல் இங்கிலிசில் வந்து விழும். அதை அவள் அரைத்தாளில் வரிவரியாக எழுதுவாள். ஒவ்வொரு வரிக்கும் கீழே தமிழ். வாசித்து முடிந்ததும் தாளைச் சுவரில் தொங்குகிற கம்பியில் குத்திவிடுவாள். சொற்களுக்காக ஒரு கொப்பியும் வைத்திருந்தாள். 'ஃபெயார்' என்றால் வெளித்த வானம். 'சவர்' என்றால் பெய்துவிட்டு ஓடிவிடுகிற மழை. 'றஃப்' என்றால் கடல் குழம்பியிருக்கும். இவற்றுக்கெல்லாம் கரையில் எவரும் சண்டைக்கு வரவில்லை. சண்டை வந்தது 'கஸ்ற்' என்ற ஒரு சொல்லுக்கு.

முதன்முதல் அந்தச் சொல் வந்த நாளில் அவள் ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டாள். "திடீரெண்டு எழும்பி அடிச்சுப்போட்டு அடங்கிற காத்துக்கு நீங்கள் என்ன சொல்லுவியள்?"

ஒருவர் 'அடி' என்றார். ஒருவர் 'பேய்க்காத்து' என்றார். சோழகக் காற்றுக் காலத்தில் வந்தால் ஒரு பேர், வாடைக் காற்றுக் காலத்தில் வந்தால் ஒரு பேர் என்று மூன்றாவது ஆள் அரை மணித்தியாலம் விளக்கம் வைத்தார். கடைசியில் சங்கத் தலைவர் கனிசியஸ், அறுபது வயதுக்காரர், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "அதுக்கு என்ன பேர், பிள்ளை? அது வந்து போன பிறகுதானே நாங்கள் கதைக்கிறது. கதைக்க ஆள் மிஞ்சினால்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மேர்சி தன்பாட்டில் 'வீச்சு' என்று எழுதிக்கொண்டாள்.

பிறகு யாழ்ப்பாணப் பட்டினத்தில் சங்கக்காரருக்கு ஒருநாள் வகுப்பு நடந்தது. மேர்சி போனாள். அறிவித்தலில் காற்றுக்கு ஏன் இரண்டு இலக்கம் வருகிறது என்று அங்கே விளக்கினார்கள். முதல் இலக்கம், பத்து நிமிடமாக அடித்த காற்றையெல்லாம் கூட்டிப் பிரித்து எடுக்கிற சராசரி. இரண்டாவது இலக்கம்தான் கஸ்ற். அந்தப் பத்து நிமிடத்துக்குள் மூன்று செக்கனுக்கு மட்டும் காற்று எழும்பிப் போகிற உச்சம். மேர்சி கையைத் தூக்கி, "மூண்டு செக்கனிலை என்ன நடந்துவிடும்?" என்று கேட்டாள். வகுப்பெடுத்தவர் வாயைத் திறக்க முன்னமே, பின் வாங்கில் இருந்த ஒரு கடலோடி சொன்னார்: "வள்ளம் கவிழ ரெண்டு செக்கன் காணும், தங்கச்சி."

அதை அவள் கொப்பியில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள்.

அதன் பிறகுதான் வினை தொடங்கியது. மணிக்கு நாற்பது கிலோமீற்றர் வரை போகலாம், நாற்பதைத் தாண்டினால் போவதில்லை என்பது அந்தக் கரையின் கட்டுப்பாடு. மேர்சி இரண்டு இலக்கத்தையும் வாசித்தாள். "காற்று முப்பதிலிருந்து நாப்பது. இடைக்கிடை வீச்சு ஐம்பத்தைந்து." ஐம்பத்தைந்து என்றதும் கரை நின்றுவிடும். தவக்கால வாரம் ஒன்றில் நாலு நாள் தொடர்ந்து நின்றது. நாலு நாளும் கரையில் ஒரு துணிகூட ஆடவில்லை. வீச்சு வேறு எங்கோ அடித்திருக்கும், அல்லது கடலின் நடுவே அடித்திருக்கும். கரையில் நிற்பவனுக்கு அது தெரியுமா? மீன் விற்கிற பெண்கள் வெறும் கூடையோடு அவளைத் தாண்டிப் போகும்போது, "மேர்சியின்ரை வீச்சு இண்டைக்கும் வருமோடி?" என்று ஒருத்திக்கொருத்தி கேட்டார்கள். அவள் காதில் விழத்தான் கேட்டார்கள்.

ஐந்தாம் நாள் கனிசியஸ் கூட்டம் வைத்தார். கெட்ட மனுசன் இல்லை. மூன்று பேரன் பேத்திகளைச் சாப்பாடு ஊட்டி வளர்க்கிறவர். "முதல் இலக்கத்தை மட்டும் வாசி, பிள்ளை. வீச்சு எப்பவும் இருக்கிறதுதானே. அதை நாங்கள் கடலிலை பாத்துக்கொள்ளுறம்" என்றார். சம்மதமானவர்கள் கை தூக்கச் சொன்னார். பன்னிரண்டு கை தூக்கப்பட்டது. பன்னிரண்டாவது கை றோயுடையது. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் தூக்கினான்.

அன்றிலிருந்து மேர்சி வீச்சு வருகிற கடைசி வரியையும் எழுதினாள். ஆனால் மைக்குக்கு முன்னால் நிற்கும்போது அந்த வரிக்கு மேலாகத் தாளை மடித்துக்கொண்டாள். அது கண்ணில் பட்டால் வாயில் வந்துவிடும் என்ற பயம். மூன்று வருசம் மடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத மூன்று வருசம் ஒரு ஆளை என்ன செய்யும்? பழக்கிவிடும். கை தானாகவே மடிக்கும்.

மார்கழி முதல் கிழமை. புயல் ஒன்று கடந்து போய், எட்டு நாள் வள்ளங்கள் கரையில் கிடந்த பிறகு வந்த முதல் வெளித்த நாள். கரையே தயாராக நின்றது. பன்னிரண்டேகாலுக்குப் போன் கிணுங்கியது. மேர்சி எழுதினாள். வடகிழக்குக் காற்று, முப்பதிலிருந்து நாற்பது. இடி மின்னலோடு மழை சில இடங்களில். கஸ்ற், அறுபத்தைந்து.

பேனை அந்த இடத்தில் நின்றது. ஐம்பது பார்த்திருக்கிறாள், ஐம்பத்தைந்து பார்த்திருக்கிறாள். புயல் நாட்களைத் தவிர்த்தால் அறுபத்தைந்து இதுதான் முதல் தரம்.

கனிசியஸ் யன்னலுக்கு வெளியே தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். "என்ன பிள்ளை, நாப்பதோ?"

"ஓம் அண்ணை, நாப்பது. ஆனால் வீச்சு..."

"வீச்சை விடு. எட்டு நாளாச் சனம் கருவாட்டைக் கடிச்சுக்கொண்டு கிடக்குது. நாப்பதுதானே? வாசி."

அவள் மடித்தாள். வாசித்தாள். "காற்று வேகம் முப்பதிலிருந்து நாப்பது." குரல் வழக்கம்போலத்தான் இருந்தது, அதுதான் பிறகு அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கரையில் ஒரு ஆரவாரம் எழும்பியது. ஒன்றரைக்குள் பன்னிரண்டு வள்ளமும் போய்விட்டன. புயலுக்கு முன்னம் விட்ட வலைகள் மண்டைதீவுக்கு அப்பால் ஆழமான பக்கத்தில் கிடந்தன. அவற்றை ஏற்றிக்கொண்டு ஐந்து மணிக்குள் திரும்புவதாகக் கணக்கு.

மேர்சி கதிரையில் வந்து இருந்தாள். தாளைக் கம்பியில் குத்தப் போனாள். கம்பியில் இருந்த தாள் எல்லாம் ஒரே இடத்தில் மடிந்து, கீழ்ப்பக்கம் எல்லாம் உட்புறமாகச் சுருண்டு கிடந்தன. மூன்று வருசத்துத் தாள்கள். இத்தனை நாளும் அதைப் பார்த்தும் பாராமல் இருந்திருக்கிறாள். இன்றைக்குப் பார்த்தாள்.

மேசைக்கு நேரே சுவரில் பன்னிரண்டு வள்ளக்காரரின் போன் இலக்கங்களும் ஒட்டியிருந்தன. அவளே எழுதி ஒட்டியது. அவசரத்துக்கு என்று தலைப்பும் போட்டிருந்தாள். இரண்டேகால் வரையும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு போனை எடுத்து ஏழாவது இலக்கத்தை அழுத்தினாள். அது றோய்.

ஐந்தாறு தரம் அடித்த பிறகு எடுத்தான். போனை நனையாமல் சொப்பிங் பைக்குள் சுற்றி வைத்திருப்பான். பை சரசரத்தது, இஞ்சின் இரைந்தது. "என்ன அக்கா?"

"தம்பி, வீச்சு அறுவத்தைஞ்சு எண்டு போட்டிருக்கடா. நான் வாசிக்கேல்லை."

"அது எப்பவும் இருக்கிறதுதானே."

"இல்லையடா. அறுவத்தைஞ்சு ஒருநாளும் இருக்கேல்லை. வலை இழுக்கேக்கை வந்துதெண்டால் வள்ளம் வலையோடை கட்டுப்பட்டு நிக்கும். கேக்குதோ? வலையை வெட்டக் கத்தியைக் கையிலை வைச்சிரு. என்ரை ஆணை, கத்தியைக் கையிலை வை."

அவன் சிரித்தான். "சரி, சரி. றஞ்சித்திட்டைச் சொல்லுறன்." றஞ்சித் அவனோடு போகிற கூட்டாளி. போன் கட்டானது.

ஏழாவதுக்குக் கீழே எட்டாவது இலக்கம் வின்சன்ற் அண்ணையுடையது. மீன் விற்கிற லூர்த்தம்மாவின் புருசன். அன்றைக்குக் கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று தனியாகப் போயிருந்தார். மேர்சி எட்டாவது இலக்கத்தில் முதல் நாலு எண்ணை அழுத்தினாள். அப்போது கனிசியஸ் உள்ளே வந்தார். பெருநாள் பந்தல் விசயமாக ஏதோ கேட்டார். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பதில் சொன்னாள். அவர் போன பிறகு போனைத் திரும்ப எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? பன்னிரண்டு பேருக்கும் சொன்னால், ஏன் மத்தியானம் சொல்லவில்லை என்று பன்னிரண்டு பேர் கேட்பார்கள். காற்று வராமல் விட்டால் தவக்காலக் கதை திரும்பவும் தொடங்கும். இதுதான் உண்மையான காரணம். அவளுக்கு அது அப்போதே தெரியும். தம்பி தப்பினால் போதும் என்று அந்த நேரம் அவளுக்கு இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் அப்படித்தான் இருந்தது.

மூன்றேகாலுக்கு வடக்கு வானம் கறுத்தது. முதலில் காற்று நின்றது. கொடியில் காய்ந்த சட்டைகள் தொங்கிப்போயின. கோழிகள் வீட்டுத் தாழ்வாரத்துக்குள் ஓடின. பிறகு வந்தது. கந்தோர் யன்னல் கதவு சுவரில் அடித்துக் கண்ணாடி கொட்டியது. வாடி ஒன்றின் தகரக் கூரை கிளம்பி ஒழுங்கையில் விழுந்தது. மேர்சி வாய்க்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலில் அடங்கியது. நாய்கூடக் குரைக்கவில்லை. எட்டு நிமிடம் கழித்து அடுத்தது.

பெண்கள் கரைக்கு ஓடினார்கள். மேர்சியும் ஓடினாள், தாள் கையில் இருந்தபடியே. மழை முகத்தில் குத்தியது. கடலைப் பார்க்க முடியவில்லை. பத்து முழத்துக்கு அப்பால் வெள்ளைதான். லூர்த்தம்மா முழங்கால் தண்ணீரில் நின்று செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது, உரத்த குரல்காரி.

நாலு மணியிலிருந்து வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றும் மழைக்குள்ளிருந்து வெளிப்படும்போது, யாருடையது என்று தெரியும் வரைக்கும் எல்லாப் பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தெரிந்த பிறகு ஒருத்தி மட்டும் அழுதுகொண்டு ஓடினாள். மற்றவர்கள் திரும்பவும் வெள்ளையைப் பார்த்தார்கள். மூன்றாவதாக வந்தது றோயின் வள்ளம். மேர்சி தண்ணீருக்குள் இறங்கி அவனைப் பிடித்துக்கொண்டாள். அவன் நடுங்கினான். ஆனால் முகத்தில் சிரிப்பு. தப்பி வந்தவனின் சிரிப்பு. அடக்கத் தெரியாத சிரிப்பு.

"அக்கா, நீ மட்டும் போன் எடுக்காமல் விட்டிருந்தால் நாங்கள் துலைஞ்சம்" என்று கத்தினான். "வலை பாதி ஏத்தினபடி. ஒரே அடி. வள்ளம் சரிஞ்சு தண்ணி உள்ளுக்கு வந்திட்டுது. கத்தி றஞ்சித்தின்ரை கையிலை இருந்தது, ஒரே வெட்டு. நிமிந்திட்டுது. அறுவத்தைஞ்சு எண்டு நீ சொல்லியிராட்டில் கத்தி பெட்டிக்குள்ளைதான் இருந்திருக்கும்!"

கரை முழுக்கக் கேட்டது.

லூர்த்தம்மா தண்ணீரிலிருந்து ஏறி வந்தாள். ஓடி வரவில்லை, மெதுவாகத்தான் வந்தாள். "என்ன போன்? என்ன அறுவத்தைஞ்சு?"

மேர்சி றோயின் கையை விட்டாள்.

"நாப்பது எண்டு நீதானே வாசிச்சனி? இவருக்கு அதைக் கேட்டுத்தானே நான் சோறு கட்டிக் குடுத்தனான்." அவள் குரல் உடைந்தது. "உன்ரை தம்பிக்கு மட்டும் போன் எடுத்தனியோ மேர்சி? உன்ரை தம்பிக்கு மட்டும்?"

றோயின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கனிசியஸ் இடையில் வந்தார். "லூர்த்தம்மா, இப்ப உந்தக் கதை வேண்டாம். வள்ளங்கள் வரட்டும்."

வள்ளங்கள் வந்தன. ஐந்து மணிக்குள் பதினொன்று. பன்னிரண்டாவது வரவில்லை. வின்சன்ற்றின் போன் அடிக்கவும் இல்லை. மழை கொஞ்சம் விட்டது. ஆனால் காற்று விட்டு விட்டு எழும்பியபடியே இருந்தது. தேடப் போக வேண்டும். யார் போவது? இப்போதுதான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இஞ்சினைப் பார்த்தார்கள்.

மேர்சி கரையில் நிற்கவில்லை. கந்தோருக்குத் திரும்பி ஓடினாள். சங்கத்துப் போனில் புது அறிவித்தல் ஒன்று வந்து கிடந்தது. கண்ணாடித் துண்டுகளுக்குள் நின்றபடி அதை எழுதினாள். எழுத்துக் கோணிப்போயிற்று. கனிசியஸ் பின்னாலேயே வந்துவிட்டார். "என்ன செய்யப் போறாய், பிள்ளை?"

"வாசிக்கப் போறன்."

"இந்த நேரம் அதை வாசிச்சுச் சனத்தைக் குழப்பாதை. ஒருத்தனும் போகமாட்டான். வின்சன்ற்றைக் கடலிலை விட்டிடுவாங்கள்."

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது. அறுபத்தைந்து என்று கேட்டால் எவன் போவான்? நாற்பது என்றால் போவார்கள். மடித்துவிட்டால் போவார்கள். அவள் கை தாளின் நடுவுக்குப் போய்விட்டது. இரண்டு விரலும் மடிக்கிற இடத்தைப் பிடித்துவிட்டன. அவள் தாளை மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி நீவி, அப்படியே மைக்குக்கு முன்னால் விரித்துப் பிடித்தாள்.

"காற்று முப்பத்தைஞ்சிலிருந்து நாப்பது. இடைக்கிடை வீச்சு அறுவது. இரவைக்கும் இருக்கும்." இவ்வளவும் வழக்கமான குரலில் வந்தது. பிறகு குரல் மாறியது. "இது மேர்சி கதைக்கிறன். மத்தியானமும் இப்பிடித்தான் இருந்தது. வீச்சு அறுவத்தைஞ்சு எண்டு இருந்தது. நான் வாசிக்கேல்லை. மூண்டு வருசமா நான் கடைசி வரியை வாசிக்கேல்லை. தம்பிக்கு மட்டும் போன் எடுத்தனான். மற்ற ஆக்களின்ரை இலக்கமும் எனக்கு முன்னாலைதான் இருந்தது." மூச்சு ஒலிபெருக்கியில் கேட்டது. "வீச்சு மூண்டு நாலு செக்கன்தான் நிக்கும். இப்ப எட்டு ஒன்பது நிமிசத்துக்கு ஒருக்கா வருகுது. நான் எண்ணினனான். இடையிலை நாப்பதுதான். போறவை இதைத் தெரிஞ்சுகொண்டு போங்கோ. போகாதவையை ஒருத்தரும் குறை சொல்லக் கூடாது. அவ்வளவுதான்."

கனிசியஸ் சுவரில் சாய்ந்துகொண்டார்.

மேர்சி வெளியே வந்தபோது றோய் தன் வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தான். அவள் வாய்வரை வந்தது, போகாதையடா என்று. கடித்துக்கொண்டாள்.

"இடையிலை நாப்பதுதானே அக்கா?" என்று கேட்டான்.

"நாப்பதுதான். வீச்சுக்கு அறுவது."

"நாப்பதிலை ஓடலாம். வீச்சு வரேக்கை வள்ளத்தின்ரை மூக்கைக் காத்துக்குக் குடுத்துக்கொண்டு நிக்கோணும். தெரிஞ்சால் நிக்கலாம்." றஞ்சித் ஏறினான். கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டான். அவர்களைப் பார்த்து இன்னொரு வள்ளம் இறங்கியது. பிறகு இன்னொன்று. மற்ற எட்டும் கரையிலேயே நின்றன. ஒருவரும் குறை சொல்லவில்லை.

மேர்சி ஒரு பக்கம், லூர்த்தம்மா ஒரு பக்கம். இடையில் இருபது முழம். காற்று எழும்பும் போதெல்லாம் மேர்சி எண்ணினாள். சத்தமாக எண்ணுகிறாள் என்பது அவளுக்கே தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது தரமோ நாலாவது தரமோ, தன் எண்ணிக்கையோடு இன்னொரு குரலும் சேர்ந்து எண்ணுவதைக் கேட்டாள். லூர்த்தம்மா. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணினாள், அவ்வளவுதான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மூன்று வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நடுவில் வந்தது றோயுடையது. அதன் உள்ளே துவாயால் போர்த்தபடி ஒரு ஆள் கிடந்தார். லூர்த்தம்மா தண்ணீருக்குள் விழுந்து எழும்பி ஓடினாள். வின்சன்ற் கண்ணைத் திறந்தார். கவிழ்ந்த வள்ளத்தின் அடியைக் கட்டிப் பிடித்தபடி இரண்டு மணித்தியாலம் கிடந்தவர். வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. இஞ்சின் கடலோடு போயிற்று. "கத்தி பெட்டிக்குள்ளை இருந்தது" என்று முனகினார். "கைக்கு எட்டேல்லை." அவரை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும்வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மேர்சி சாப்பிடவில்லை. றோய் அடுப்படியில் வந்து குந்தியிருந்தான். "அண்டைக்குக் கூட்டத்திலை என்ரை கையும் எழும்பினதுதான் அக்கா" என்றான். அவள் அவனுக்குச் சோறு போட்டாள்.

மூன்றாம் நாள் கடல் அடங்கியது. பன்னிரண்டு மணிக்கு அறிவித்தல் வந்தது. இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து, கஸ்ற் ஐம்பது. மேர்சி எழுதிக்கொண்டிருக்கும்போதே கனிசியஸ் வந்துவிட்டார். வாங்கில் அமர்ந்து தொண்டையைச் செருமினார்.

"ஒருத்தரும் சாகேல்லை, பிள்ளை. கர்த்தர் காப்பாத்தினார். இனி அதை ஆறப் போடுவம். ஐம்பது எண்டு வாசிச்சியெண்டால் இண்டைக்கும் கரை நிண்டிடும். வீட்டிலை பானையைப் பாத்தால் தெரியும் உனக்கு. அறுவதுக்கு மேலை வந்தால் மட்டும் வாசி. நான் கூட்டத்திலையும் சொல்லுறன்."

எவ்வளவு நியாயமாகச் சொன்னார்! தவக்காலத்திலும் இவ்வளவு நியாயமாகத்தான் சொன்னார். மேர்சிக்குக் கோபம் வந்தது, அவர் மேல் இல்லை. ஆமாம் போட்டுவிடலாமே என்று ஒரு கணம் நினைத்த தன் மனசின் மேல்தான். அவள் பேனையை மூடினாள்.

கண்ணாடி இல்லாத யன்னலில் நிழல் விழுந்தது. லூர்த்தம்மா. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள்; கையில் சாப்பாட்டுக் கரியர். மூன்று நாளும் மேர்சியோடு ஒரு சொல் கதைக்காதவள். கையை யன்னலுக்குள்ளால் நீட்டினாள்.

"அந்தத் தாளைக் காட்டு."

மேர்சி கொடுத்தாள். லூர்த்தம்மாவுக்கு இங்கிலிசு தெரியாது. தமிழும் எழுத்துக் கூட்டித்தான் வரும். தாளை மேலிருந்து கீழே பார்த்தாள். சுவரில் கம்பியில் மடிந்து கிடந்த தாள்களையும் பார்த்தாள். பிறகு மீன் அறுத்து அறுத்துத் தடித்துப்போன விரலைக் கடைசி வரியில் வைத்தாள்.

"இதுதானே?"

"ஓம், லூர்த்தக்கா."

"எவ்வளவு?"

"ஐம்பது."

கனிசியஸ் எழும்பினார். "லூர்த்தம்மா, நான் என்ன சொல்லுறனெண்டால்..."

"நீங்கள் இருங்கோ அண்ணை." குரல் உயரவில்லை. அவள் தாளைத் திருப்பி மேர்சியின் முன்னால் வைத்தாள். விரல் இன்னும் அந்த வரியிலேயே இருந்தது. "போறதோ நிக்கிறதோ அவை முடிவெடுக்கட்டும். நீ இதை முதல் வாசி."

ஒரு மணி ஆயிற்று. ஒலிபெருக்கி கரகரத்தது. கரையில் இஞ்சினைத் தோளில் வைத்தவர்கள் நின்றார்கள்.

"இண்டையான் காலநிலை அறிவித்தல்" என்றாள் மேர்சி. "வீச்சு, ஐம்பது."

அவள் அதற்குப் பிறகுதான் மேல் வரிக்குப் போனாள். அன்றைக்கு ஏழு வள்ளம் போனது, நாலு நின்றது. போன ஏழிலும் கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருந்தது.